இ-சேவை மையக் கணினியின் பாதுகாப்பு சர்வரை மாற்றும்போது என்ன நடக்கிறது?

"சர்வர் மாற்றும் பணி நடைபெறுகிறது, சேவை தாமதமாகலாம்." இ-சேவை மையத்தின் கண்ணாடியில் இப்படி ஒரு தாள் ஒட்டியிருப்பதை நீங்கள் எப்போதாவது பார்த்திருக்கலாம். பார்த்ததும் நம்மில் பலர் "சர்வர் டவுனாம்" என்று அலுத்துக்கொண்டு வண்டியைத் திருப்பிவிடுவோம். எந்த சர்வர், அதை ஏன் மாற்றுகிறார்கள், மாற்றினால் நம் விண்ணப்பத்துக்கு என்ன ஆகும் என்று கேட்பதில்லை. கேட்டாலும், மையத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே முழு விவரம் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

காரணம், "சர்வர்" என்பது ஒரே ஒரு பெட்டி இல்லை. உங்கள் சான்றிதழ் விண்ணப்பத்தை வாங்கி வைப்பது ஒன்று. கட்டணத்தைக் கணக்குப் பார்ப்பது வேறொன்று. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்று இருக்கிறது. அது உங்கள் பெயரைக்கூடத் தெரிந்து வைத்துக்கொள்வதில்லை. அரசு அலுவலகக் கணினிகள் ஒவ்வொன்றிலும் ஆன்டிவைரஸ் வேலை செய்கிறதா, புதிய வைரஸ்களின் அடையாளங்கள் வந்து சேர்ந்தனவா, யாராவது சந்தேகமான பென்டிரைவைச் செருகினார்களா என்று மட்டுமே அது பார்க்கும். இதைத்தான் எண்ட்பாயிண்ட் பாதுகாப்பு மேலாண்மை சர்வர் என்கிறார்கள். இந்த இதழின் பாடம் அதைப் பற்றியது.

பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். எண்ட்பாயிண்ட் என்றால் கடைசி முனை. வலையமைப்பின் ஓரத்தில், மனிதர்கள் கை வைக்கும் இடத்தில் இருக்கும் கருவி. இ-சேவை மையத்தின் கணினி, வட்டாட்சியர் அலுவலகத்தின் மேசைக் கணினி, கிராம நிர்வாக அலுவலரின் மடிக்கணினி எல்லாமே எண்ட்பாயிண்ட்தான். திருடன் பெரும்பாலும் நுழைவது இந்த வழியாகத்தான். சென்னை பெருங்குடியில் இருக்கும் மாநிலத் தரவு மையத்தின் கதவை உடைப்பதைவிட, எங்கோ ஒரு மேசையில் இருக்கும் கணினியில் ஒரு தவறான மின்னஞ்சலைத் திறக்க வைப்பது அவனுக்குச் சுலபம்.

வீட்டுக் கணினி என்றால் ஆன்டிவைரஸ் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். நூறு, ஆயிரம் கணினி என்றால் அப்படி விட முடியாது. அதனால் ஒவ்வொரு கணினியிலும் 'ஏஜென்ட்' என்ற சிறிய மென்பொருளை வைக்கிறார்கள். அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை, அல்லது மணிக்கு ஒருமுறை, மேலாண்மை சர்வரைக் கூப்பிட்டு, "நான் நல்லா இருக்கேன், புதுசா ஏதாவது உத்தரவு இருக்கா?" என்று கேட்கும். சர்வர் பதில் சொல்லும். சைமன்டெக் எண்ட்பாயிண்ட் புரொடெக்‌ஷன் மேனேஜர், முன்பு மெக்காஃபி என்றும் 2022 முதல் டிரெல்லிக்ஸ் என்றும் அழைக்கப்படும் நிறுவனத்தின் இ-பாலிசி ஆர்கெஸ்ட்ரேட்டர், புனேயைச் சேர்ந்த குயிக் ஹீல் நிறுவனத்தின் செக்ரைட் எல்லாம் இந்த வகைதான். பெயர்கள் வேறு, ஏற்பாடு கிட்டத்தட்ட ஒன்று.

நல்லா ஓடுகிற சர்வரை ஏன் மாற்ற வேண்டும்?

நியாயமான கேள்வி. ஓடுவதால் மட்டும் அது பாதுகாப்பானது ஆகிவிடாது என்பதுதான் பதில். இந்த மேலாண்மை மென்பொருள் ஒரு இயங்குதளத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த இயங்குதளத்துக்கும் ஆயுள் உண்டு. விண்டோஸ் சர்வர் 2012-க்கும் 2012 ஆர்2-க்கும் மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை 2023 அக்டோபர் 10-ல் நிறுத்தியது. விண்டோஸ் சர்வர் 2016-க்கு 2027 ஜனவரி 12 வரைதான். அந்தத் தேதிக்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு, தனியாகப் பணம் கட்டி நீட்டித்தால் ஒழிய, திருத்தம் வராது. கீழே இருக்கும் தரவுத்தளத்துக்கும் இதே கதை: எஸ்க்யூஎல் சர்வர் 2014-க்கு 2024 ஜூலை 9 கடைசி நாள்.

இதில் ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். எல்லாக் கணினிக்கும் காவல் சொல்லிக்கொடுக்கும் சர்வரே ஓட்டையோடு நிற்கும். அதைப் பிடித்துவிட்டால் திருடனுக்கு ஒவ்வொரு கணினியாகப் போக வேண்டிய அவசியமே இல்லை. ஏஜென்ட்கள் எல்லாம் அந்த சர்வர் சொன்னால் கேட்கும். "இந்தக் கோப்பை நிறுவு" என்றால் நிறுவும். "ஆன்டிவைரஸை அணை" என்றால் அணைக்கும். சாவிக்கொத்தை வைத்திருக்கும் வாட்ச்மேனின் அறைக்குத் தாழ்ப்பாள் இல்லாத மாதிரி.

இன்னொரு காரணம், இடம். சிறிய அலுவலகங்கள் செலவில்லாத எஸ்க்யூஎல் எக்ஸ்பிரஸ் தரவுத்தளத்தில் தொடங்கியிருப்பார்கள். அதன் பழைய பதிப்புகளில் ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிபி தான் எல்லை. தினமும் வந்து விழும் பதிவேடுகள் மெல்ல மெல்ல அந்த எல்லையைத் தொடும். தொட்டதும் சர்வர் புதிதாக எதையும் எழுத முடியாமல் திணறும். யாரும் தாக்காமலே காவல் நின்றுவிடும்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்க வேண்டாம். 2021 செப்டம்பரில் நம் தலைமைச் செயலகத்தின் பொதுத் துறைக் கணினிகளிலேயே ரேன்சம்வேர் புகுந்து கோப்புகளைப் பூட்டியது. திறக்க 1,950 டாலர் மதிப்புள்ள கிரிப்டோ பணம் கேட்டார்கள். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை அடி வாங்கியது. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டு, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. வலையமைப்பைச் சரியாகப் பகுதி பகுதியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்றும் சொன்னது. வெளிநோயாளி சீட்டு முதல் ஆய்வக முடிவு வரை பல நாட்கள் கையால் எழுத வேண்டி வந்தது.

எய்ம்ஸ் கதையில் நம் பாடத்துக்கு நேராகத் தொடர்புடைய ஒரு செய்தி இருக்கிறது. தாக்குதல் நடந்து ஐந்தாறு நாள் ஆன நிலையில், அங்கிருந்த சுமார் 5,000 கணினிகளில் ஏறக்குறைய 1,200-ல் தான் புது ஆன்டிவைரஸை நிறுவ முடிந்திருந்தது என்று செய்திகள் கூறின. இத்தனைக்கும் ஆட்கள் இரவு பகலாக வேலை பார்த்தார்கள். நெருப்பு பிடித்த பிறகு கிணறு வெட்டினால் இப்படித்தான் ஆகும். நல்ல நாளில் நிதானமாக சர்வரை மாற்றுவது எதற்கு என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

உடும்புப் பிடி

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில் சுமார் 16 கிலோமீட்டரில் இருக்கிறது மாகறல். அந்த ஊர்க்காரர்களுக்கு உடும்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. செய்யாற்றங்கரையில் இருக்கும் திருமாகறலீசுவரர் கோயிலின் தல வரலாறே, சோழ மன்னன் துரத்த, புற்றுக்குள் புகுந்துகொண்ட பொன் உடும்பைச் சுற்றியதுதான். நம் ஏஜென்டும் ஒரு உடும்புதான். முதலில் எந்த சர்வரைப் பற்றச் சொன்னோமோ அதையே பற்றிக்கொண்டிருக்கும்.

இது குறை இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். நிறுவும்போதே ஏஜென்டிடம் இரண்டு விஷயம் சொல்லப்படுகிறது: சர்வரின் முகவரி, சர்வரின் அடையாளச் சாவி. நாளைக்கு யாரோ ஒருவன் "நான்தான் உன் புது சர்வர்" என்று அதே முகவரியில் வந்து நின்றாலும், சாவி பொருந்தாவிட்டால் ஏஜென்ட் அவன் பேச்சைக் கேட்காது. திருடனிடமிருந்து காப்பாற்றும் இந்தப் பிடிவாதமே சர்வரை மாற்றும் நாளில் பெரிய தலைவலி. நாமே கொண்டுவந்து வைத்த புது சர்வரையும் அது நம்பாது.

எனவே வேலையின் உயிர்நாடி புதுப் பெட்டி வாங்குவதில் இல்லை. அதில் மென்பொருளை ஏற்றுவதிலும் இல்லை. ஒவ்வொரு ஏஜென்டையும் பழைய சர்வரிலிருந்து புது சர்வருக்குப் பிடி மாற்றுவதில்தான் இருக்கிறது. தறி ஓட்டும் குடும்பங்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய பாவின் இழையோடு கையால் பிணைப்பார்கள். காஞ்சிப் பட்டில் உடலுக்கு ஒரு நிறம், முந்திக்கு வேறு நிறம் வர வேண்டுமானால், பிட்னி என்று சொல்லி அங்கேயும் இழை இழையாகச் சேர்ப்பார்கள். ஆயிரக்கணக்கான இழையில் நாலு இழை விட்டுப்போனால் அந்த இடத்தில் நின்றே ஆக வேண்டும். துணியில் அது கண்ணுக்குத் தெரியும். கணினியில் தெரியாது. அதுதான் ஆபத்து.

விட்டுப்போன கணினிக்கு என்ன ஆகும்? உடனே ஒன்றும் ஆகாது. ஆன்டிவைரஸ் சின்னம் திரையின் ஓரத்தில் அப்படியே இருக்கும். கடைசியாக வந்த உத்தரவுப்படி அது வேலை செய்துகொண்டே இருக்கும். ஆனால் பழைய சர்வரை அணைத்த நாளிலிருந்து, வேறு வழி அமைத்துத் தரப்படாவிட்டால், புதிய வைரஸ் அடையாளங்கள் வராது. அந்தக் கணினியில் ஏதாவது புகுந்தாலும் மேலிடத்துக்குத் தகவல் போகாது. பட்டியலிலேயே அந்தக் கணினி இருக்காது. இல்லாத கணினியைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்?

இரண்டு மாதம் அப்படி இருந்தால் பரவாயில்லையா என்று கேட்டால், வானாக்ரையை நினைவில் கொள்ளுங்கள். அது பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது 2017 மார்ச் 14. தாக்குதல் உலகைப் பிடித்தது மே 12. இடையில் 59 நாள். அந்த 59 நாளில் திருத்தம் போய்ச் சேராத கணினிகள்தான் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் விழுந்தன. அது ஆன்டிவைரஸ் அப்டேட் இல்லை, விண்டோஸின் திருத்தம். ஆனாலும் "கொஞ்ச நாள்தானே" என்ற நினைப்புக்கு விலை என்ன என்று அந்தக் கணக்கு காட்டிவிட்டது.

வேலை எப்படி நடக்கிறது

இரண்டு வழி உண்டு. முதல் வழி, புது சர்வருக்குப் பழைய சர்வரின் பெயரையும் முகவரியையும் சாவியையும் அப்படியே கொடுத்துவிடுவது. ஏஜென்ட்களுக்கு மாற்றமே தெரியாது. கேட்க சுகமாக இருக்கிறது. ஆனால் பழையதை நிறுத்தி, புதியதை ஏற்றி, அது எழுந்திருக்கும் வரை நடுவில் யாரும் காவலில் இல்லை. எழுந்திருக்காவிட்டால் இரவு முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும்.

இரண்டாவது வழி, பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் புதியதை நிறுத்தி, ஏஜென்ட்களைக் குழு குழுவாகக் கைமாற்றுவது. பழைய சர்வரே தன் ஏஜென்ட்களிடம், "இனி அவரிடம் போ, இதோ அவர் சாவி" என்று சொல்லி அனுப்பும். ஏஜென்ட் நம்பும், ஏனென்றால் சொல்வது அது நம்பும் சர்வர். நாட்கள் கூடும், ஆனால் தவறு நடந்தால் ஒரு குழுவோடு நிற்கும். மக்கள் சேவை நடக்கும் இடத்துக்கு இந்த இரண்டாவது வழிதான் சரி என்பது என் கருத்து. அவசரம் என்றால் முதல் வழியில் போவார்கள், அதையும் தப்பு என்று சொல்ல முடியாது.

எந்த வழியானாலும் முதல் வேலை எண்ணிக்கை. கன்சோலில் 412 கணினி என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அலுவலகங்களின் சொத்துப் பதிவேட்டில் 437 இருக்கும். வித்தியாசமான 25 எங்கே? சில பழுதாகி மூலையில் கிடக்கும். சில பீரோவுக்குள் பூட்டிய மடிக்கணினி. சிலவற்றில் ஏஜென்டே நிறுவவில்லை. இந்த 25-ஐத் தேடிப் போவதுதான் உண்மையான வேலை. பெரிய படிப்பு எதுவும் வேண்டாம், ஒரு தொலைபேசியும் பொறுமையும் போதும். ஆனால் எல்லோரும் தவிர்க்கப் பார்ப்பதும் இதைத்தான்.

அடுத்து, காப்பு நகல். தரவுத்தளம், பாலிசிகள், சாவிகள், அந்தச் சாவிகளுக்கான கடவுச்சொல் எல்லாவற்றையும் எடுத்து வேறொரு இடத்தில் வைக்க வேண்டும். கடவுச்சொல்லைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. சர்வரை ஐந்து வருடம் முன்னால் நிறுவியவர் மாறுதலாகிப் போயிருப்பார். அவர் வைத்த கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. நகல் இருக்கும், திறக்க முடியாது. அந்த நகலை ஒருமுறை வேறு பெட்டியில் ஏற்றிப் பார்க்காதவரை அதை நகல் என்றே கணக்கில் எடுக்கக் கூடாது.

இன்னொரு கட்டுப்பாடு: ஒரே நேரத்தில் இரண்டை மாற்றக் கூடாது. பெட்டியை மாற்றுகிறோமா, மென்பொருளின் பதிப்பையும் சேர்த்து மாற்றுகிறோமா? பழைய நகலைப் புது சர்வரில் ஏற்ற பெரும்பாலும் அதே பதிப்பு வேண்டும். முதலில் அதே பதிப்போடு இடம் மாறி, எல்லாம் நிலைத்த பிறகு பதிப்பை உயர்த்துவது நல்லது. பதிப்பை உயர்த்தும்போது இன்னொரு விஷயம் வெளியே வரும்: புது ஏஜென்ட் பழைய விண்டோஸில் ஓடாமல் போகலாம். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் வழக்கமான ஆதரவு முடிந்தது. சர்வரை மாற்றப் போய், மேசைக் கணினியையும் மாற்ற வேண்டும் என்ற செலவுக் கணக்கு அங்கேதான் தெரியவரும்.

பிறகு முன்னோட்டம். முதலில் பத்துக் கணினிகளை மட்டும் அனுப்பிப் பார்ப்பார்கள். இதைத் தவிர்த்தால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். வைரஸும் இல்லை, திருடனும் இல்லை. காவலாளி தடுக்கி விழுந்தான், அவ்வளவுதான்.

பத்தில் சரியாக வந்தால் ஐம்பது, பிறகு நூறு. எல்லாவற்றையும் ஒரே மணி நேரத்தில் அனுப்பினால் என்ன என்று கேட்கலாம். ஒரு சின்னக் கணக்கு: ஓர் அலுவலகத்தில் 40 கணினி, ஏஜென்டின் அளவு 300 எம்பி, இணைப்பு வேகம் 10 எம்பிபிஎஸ் என்று வையுங்கள். 40 கணினிக்கும் சேர்த்து 12,000 எம்பி இறங்க வேண்டும். அந்த இணைப்பு வேறு எதையும் செய்யாமல் இதை மட்டும் செய்தாலே இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் வரிசையில் நிற்கும் உங்கள் விண்ணப்பப் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். "சர்வர் ஸ்லோ" என்று நீங்கள் கேட்கும் வார்த்தைக்குப் பின்னால் சில நேரம் இந்தக் கணக்கு ஒளிந்திருக்கும். அதனால்தான் ஒரு கணினி மட்டும் இறக்கிவைத்து மற்றவற்றுக்குப் பக்கத்திலிருந்தே பகிரும்படி அமைப்பார்கள். அல்லது மாலை 6 மணிக்கு மேல் அனுப்புவார்கள்.

நாள் பார்ப்பதும் முக்கியம். முகூர்த்தம் இல்லை, சான்றிதழ் சீசன். பிளஸ் டூ முடிவு வந்த மே மாதத்திலிருந்து கலந்தாய்வு முடியும் வரை சாதி, வருமானம், முதல் பட்டதாரி சான்றிதழ்களுக்குக் கூட்டம் நெரியும். அந்த வாரங்களில் சர்வரில் கை வைப்பது தெரிந்தே செய்யும் தொல்லை. வெள்ளிக்கிழமை மாலையில் தொடங்குவதும் வேண்டாம். சனி ஞாயிறு யாரும் போனை எடுக்க மாட்டார்கள்.

கைரேகைக் கருவி ஏன் வேலை செய்யவில்லை?

மாற்றத்துக்குப் பிறகு உங்களை நேராகத் தொடும் இடம் இது. அலுவலகக் கணினிகளில் கண்ட பென்டிரைவையும் செருகக் கூடாது என்று பாலிசி போட்டிருப்பார்கள். ஆனால் கைரேகைக் கருவியும் ஸ்கேனரும் வெப்கேமும் அதே யுஎஸ்பி துளையில்தான் செருகப்படுகின்றன. வட்டாட்சியரின் மின்னணுக் கையொப்பத்துக்கான டோக்கனும் அப்படித்தான். "இவற்றை மட்டும் அனுமதி" என்று ஒரு விதிவிலக்குப் பட்டியல் பழைய சர்வரில் இருக்கும். பல வருடமாக, ஒவ்வொரு புகார் வரும்போதும் ஒவ்வொரு வரியாகச் சேர்ந்த பட்டியல் அது. யாரும் தனியாக எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

பாலிசியைப் புது சர்வருக்கு எடுத்துப் போகும்போது இந்தப் பட்டியல் விட்டுப்போனால் காலையில் மையம் திறந்ததும் கைரேகைக் கருவி செத்துக் கிடக்கும். மையத்தில் இருப்பவர் கருவியைத் துடைப்பார், கழற்றி மாட்டுவார், உங்கள் விரலைக் குற்றம் சொல்வார். பட்டு நூலோடு நாள் முழுக்கப் பழகித் தேய்ந்த நெசவாளர் விரல் என்றால் கேட்கவே வேண்டாம், "உங்க ரேகை விழலைங்க" என்று அனுப்பிவிடுவார்கள். நேற்று வரை விழுந்த ரேகை இன்று யாருக்குமே விழவில்லை என்றால் பிரச்சினை விரலில் இல்லை. மாகறலோ வேறு எந்த ஊரோ, இதை நீங்கள் மையத்தில் தைரியமாகச் சொல்லலாம்: "அண்ணா, எல்லாருக்குமே வரலையே, ஆன்டிவைரஸ் தடுக்குதான்னு தொழில்நுட்ப ஆளுங்ககிட்ட கேளுங்க." அந்த ஒரு கேள்வி அரை நாளை மிச்சப்படுத்தும்.

கையொப்ப டோக்கன் தடைபட்டால் இன்னும் கஷ்டம். கிராம நிர்வாக அலுவலர் பரிந்துரைத்திருப்பார், வருவாய் ஆய்வாளர் பார்த்திருப்பார், வட்டாட்சியரின் திரையில் விண்ணப்பம் காத்திருக்கும். கையொப்பம் மட்டும் விழாது. உங்களுக்கு போனில் "நிலுவை" என்று மட்டுமே தெரியும். கலந்தாய்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது இது நடந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. முன்னோட்டத்துக்கு எடுக்கும் பத்துக் கணினியில் கையொப்பமிடும் அதிகாரியின் கணினி ஒன்றும், கைரேகைக் கருவி உள்ள மையத்தின் கணினி ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதற்காகத்தான்.

பழைய சர்வரை உடனே தூக்கிப் போட முடியாது

எல்லா ஏஜென்டும் மாறிவிட்டன என்று கன்சோல் காட்டிய பிறகும் பழைய சர்வர் சில வாரம் ஓட வேண்டும். மகப்பேறு விடுப்பில் இருப்பவரின் மடிக்கணினி, தேர்தல் பணிக்குப் போனவரின் கணினி எல்லாம் பிறகு ஒரு நாள் திறக்கப்படும். அப்போது அவை தேடுவது பழைய முகவரியைத்தான். அங்கே ஆள் இருந்து "புது இடத்துக்குப் போ" என்று சொல்ல வேண்டும்.

சட்டமும் உண்டு. இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவுப்படி, கணினிப் பதிவேடுகளை 180 நாள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பாதுகாப்புச் சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அரசு அமைப்புகளுக்கும் இது பொருந்தும். பழைய சர்வரின் பதிவேட்டை அழித்துவிட்டால், நான்கு மாதம் முன்பு எந்தக் கணினி வழியாக என்ன நுழைந்தது என்று நாளை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தமிழ்நாடு அரசும் 2020-ல் தன் சைபர் பாதுகாப்புக் கொள்கையை வெளியிட்டு, 2024-ல் அதன் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது.

அடுத்த முறை வேலை குறைய ஒரு உபாயம்: ஏஜென்டிடம் சர்வரின் எண் முகவரியைச் சொல்லாமல் ஒரு பெயரைச் சொல்லி வைப்பது. கதவு எண் மாறினாலும் கடைப் பெயர் மாறாதது போல. ஐந்து வருடம் கழித்து வருபவர் உங்களை வாழ்த்துவார்.

இந்தச் செய்தியைப் பயன்படுத்தும் திருடர்கள்

இதை மட்டும் கொஞ்சம் நின்று படியுங்கள். "சர்வர் மாற்றம்" என்ற வார்த்தை காதில் விழுந்தாலே மோசடிக்காரர்களுக்குத் திருவிழா. "இ-சேவையிலிருந்து பேசுறோம், சர்வர் மாறுது, உங்க விண்ணப்பம் அழிஞ்சிடும், போன்ல வர்ற ஓடிபி சொல்லுங்க" என்று அழைப்பு வரலாம். வாட்ஸ்அப்பில் அரசு முத்திரை போட்ட ஏபிகே கோப்பு வரலாம். திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்லலாம்.

மேலே படித்ததை வைத்தே இது பொய் என்று நீங்கள் சொல்லிவிடலாம். பாதுகாப்பு சர்வர் மாறும்போது கைமாறுவது அலுவலகக் கணினியில் இருக்கும் ஏஜென்ட். உங்கள் போனுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. உங்கள் ஓடிபியோ ஆதார் எண்ணோ வங்கி விவரமோ அந்த வேலையின் எந்தப் படியிலும் தேவைப்படாது. கேட்டால், கேட்பவர் திருடன். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியில் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. பணம் போகாவிட்டாலும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியலாம்.

போனில் ஏற்கெனவே ஏதாவது நிறுவிவிட்டீர்களா? இணையத்தைத் துண்டித்து, அந்தச் செயலியை நீக்கி, வேறொரு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லுங்கள். செர்ட்-இன் 2017-ல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் போனையும் கணினியையும் சுத்தம் செய்யும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

மையத்தில் உங்கள் ஆவணங்களைக் கையாளுவதிலும் கவனம் வேண்டும். ஆதார், ரேஷன் அட்டை, மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் மையத்து வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறோம். அவை அந்தக் கணினியின் டவுன்லோட்ஸ் பகுதியில் வருடக்கணக்கில் கிடக்கும். பிடி நழுவிய கணினி ஒன்றில் கள்ளன் நுழைந்தால் முதலில் எடுப்பது அதைத்தான். அசல் தாளைக் கொடுத்து ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும், "தம்பி, என் ஃபைலை அழிச்சிடுப்பா, ரீசைக்கிள் பின்லயும்" என்று எதிரிலேயே அழிக்கச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள், நல்ல மையம் என்றால் அவர்களே செய்வார்கள்.

விண்ணப்பித்த பிறகு வரும் ஒப்புகைச் சீட்டைப் படம் எடுத்து வையுங்கள். அதில் இருக்கும் விண்ணப்ப எண்ணை வைத்து இ-சேவை தளத்தில் நிலையை நீங்களே பார்க்கலாம், மையத்துக்கு நடக்க வேண்டாம். ஒரே கட்டத்தில் பல நாள் நின்றால் அந்த எண்ணைச் சொல்லி 1100 என்ற முதல்வரின் உதவி மையத்துக்கு அழையுங்கள். "சர்வர் டவுன்" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தத் தேதியிலிருந்து, எந்த அலுவலரின் கட்டத்தில் நிற்கிறது, மற்றவர்களுக்கும் அப்படியே நிற்கிறதா என்று சொல்லுங்கள். கையொப்ப டோக்கனைத் தடுத்துக்கொண்டிருக்கும் அந்த ஒரு வரியை எங்கே தேட வேண்டும் என்பது அப்போதுதான் தொழில்நுட்பக் குழுவுக்குத் தெரியும்.